ஏர்வாடியில் கட்டப்பட்டுக் கிடந்தவர்களின் கடமை என்ன?

கடமையைச் சரியாகச் செய்கிறவருக்குத்தான் உரிமையைப் பற்றிப் பேசத் தகுதி உண்டு என்ற எண்ணம் நம்மிடையே ரொம்பப் பரவலாக இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் சொல்வார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் சொல்வார்கள். தெருவோரம் தள்ளுவண்டி போட்டவரை விரட்டும்போதும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். கேட்க நியாயமாகவே இருக்கும். கடமையைச் செய்யாதே என்று யார்தான் சொல்வார்கள்? ஆனால் இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்து பார்த்தால், அது போய்ச் சேரும் இடம் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

2001இல் ஏர்வாடிக் காப்பகத் தீயில் சங்கிலியோடு இறந்தவர்களிடம் பின்னால் வருகிறேன். முதலில், உரிமை எங்கிருந்து வருகிறது என்று கேட்ட ஒரு வழக்கு.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை வந்தது. இரண்டு நாள் கழித்துக் குடியரசுத் தலைவரின் இன்னோர் ஆணை. அரசியல் சட்டத்தின் 14, 21, 22 ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளைக் கேட்டு யாரும் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்றது அது. 21ஆவது பிரிவுதான் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான காவல். விசாரணை இல்லாமலே சிறையில் வைக்க இடம் தந்த மிசா சட்டத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே இருந்தார்கள். அவர்கள் சார்பில் நாடெங்கும் ஆட்கொணர்வு மனுக்கள், அதாவது பிடித்துவைத்தவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனுக்கள், தாக்கலாயின. காவல் ஆணை சட்டப்படி பிறப்பிக்கப்பட்டதா என்பதையாவது நாங்கள் பார்ப்போம் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஜபல்பூர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் எதிர் சிவகாந்த் சுக்லா என்று பெயர் பெற்ற வழக்கு இதுதான்.

டிசம்பரில் விசாரணை தொடங்கியது. தலைமை நீதிபதி ஏ.என்.ரே, எச்.ஆர்.கன்னா, எம்.எச்.பேக், ஒய்.வி.சந்திரசூட், பி.என்.பகவதி என்று ஐந்து பேர் கொண்ட அமர்வு. அரசுக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே. அவர் வாதத்தில் சிக்கல் ஒன்றும் இல்லை. சுதந்திரம் என்கிற உரிமை 21ஆவது பிரிவில் இருக்கிறது. அதைக் காட்டி நீதிமன்றத்துக்குள் வரும் வாசல் இப்போது மூடியிருக்கிறது. எனவே சிறையில் இருப்பவரைப் பற்றி நீதிமன்றம் எதையும் கேட்க முடியாது. அப்போது நீதிபதி கன்னா குறுக்கிட்டார். அந்தப் பிரிவில் சுதந்திரம் மட்டும் இல்லையே, உயிரும் இருக்கிறதே, உங்கள் வாதம் அதற்கும் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும் என்றார் நிரேன் டே. சட்டவிரோதமாக ஒருவரின் உயிர் பறிக்கப்பட்டாலும் நீதிமன்றத்தால் ஒன்றும் செய்ய இயலாது. அது உங்கள் மனசாட்சியையும் என் மனசாட்சியையும் உலுக்கலாம், ஆனாலும் என் வாதத்தின்படி அதுதான் முடிவு என்ற பொருளில் பதில் சொன்னார்.

இந்தப் பதிலைக் கொடூரம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் தொடங்கிய இடத்திலிருந்து நேர்மையாகப் போனால் அங்கேதான் போய் நிற்க வேண்டும். உரிமை என்பது ஓர் ஆவணம் கொடுத்த வரம் என்று ஏற்றுக்கொண்டால், ஆவணத்தை மூடி வைக்கும்போது வரமும் போய்விடுகிறது. கோளாறு தொடக்கத்திலேயே இருந்தது.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு. நான்கு பேர் அரசின் பக்கம். நீதிபதி பேக் தன் தீர்ப்பில், காவலில் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கு நல்ல இடம், நல்ல சாப்பாடு, நல்ல கவனிப்பு எல்லாம் கிடைக்கிறது, அரசு காட்டும் அக்கறை கிட்டத்தட்டத் தாயின் அக்கறை போன்றது என்று எழுதினார். அதற்குச் சில மாதங்கள் முன்னால், ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் இரவில் அடித்து நொறுக்கப்பட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடிகளை வாங்கியவர். மறு ஆண்டு ஜனவரியில் இறந்துபோனார். பின்னால் நீதிபதி இஸ்மாயில் ஆணையம் விசாரிக்க வேண்டி வந்த சமாசாரம் இது. தீர்ப்பு எழுதப்பட்ட நேரத்தில் சிறைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பதுதான் அந்தத் தீர்ப்பே.

கேரளத்தில் இன்னொன்று நடந்தது. 1976 மார்ச் 1 அன்று கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அப்பா ஈச்சர வாரியர், இந்திப் பேராசிரியர். பிள்ளை எங்கே என்று அவர் ஒவ்வொரு படியாக ஏறி இறங்கிக்கொண்டிருந்த நாட்களில்தான் டெல்லியில் அந்தத் தீர்ப்பு வந்தது. நெருக்கடிநிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கப்பட்டது. நான்கே நாளில், மார்ச் 25 அன்று, கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வழக்கில்தான் பையன் கக்கயம் போலீஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டதும், அங்கே நடந்த சித்திரவதையும் வெளியே வந்தன. நெருக்கடிநிலையின்போது உள்துறையை வைத்திருந்து, அப்போதுதான் முதல்வராகியிருந்த கருணாகரன் ஒரு மாதத்தில் பதவி விலகினார். ராஜனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. ஓர் ஆண்டுக்கு மேல் அந்த அப்பாவுக்குக் கேட்பதற்கே வாசல் இல்லாமல் இருந்தது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று கேட்பது ஒரு சட்டப் பிரிவு கொடுத்த சலுகை என்று அவரிடம் போய் யாராலாவது சொல்லியிருக்க முடியுமா?

நீதிபதி கன்னா மட்டும் மாறுபட்டார். அவருடைய தீர்ப்பு நீளமானது, உணர்ச்சி வசப்படாதது. அதன் மையம் எனக்குப் புரிந்தவரை இதுதான்: உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமை 21ஆவது பிரிவில் மட்டும் குடியிருக்கவில்லை. அரசியல் சட்டம் வருவதற்கு முன்பும் இந்த நாட்டில் சட்டத்தின் அனுமதி இல்லாமல் யாருடைய உயிரையும் பறிக்க அரசுக்கு அதிகாரம் கிடையாது. அந்தப் பிரிவே எழுதப்படாமல் இருந்திருந்தாலும் நிலைமை அதுதான். இல்லையென்றால் சட்டம் உள்ள சமூகத்துக்கும் சட்டம் இல்லாத சமூகத்துக்கும் வித்தியாசமே இராது. 1977 ஜனவரியில் அவருடைய முறையைத் தாண்டி இளையவரான பேக் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார். தீர்ப்பை எழுதும்போதே இதற்குத் தலைமை நீதிபதி பதவிதான் விலை என்று அவருக்குத் தெரியும்; தன் சகோதரியிடம் அப்படிச் சொன்னதாகத் தானே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

அப்புறம் நடந்தவை பலருக்கும் தெரிந்திருக்கும். 1978இல் 44ஆவது திருத்தம் வந்து, நெருக்கடிநிலையிலும் 20, 21 பிரிவுகளை முடக்க முடியாது என்றானது. பகவதி பல வருடம் கழித்துத் தன் தீர்ப்பு தவறு என்று ஒப்புக்கொண்டார். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமை வழக்கில் பழைய பெரும்பான்மைத் தீர்ப்பைத் தூக்கி எறிந்தது. உயிரும் சுதந்திரமும் அரசு போட்ட பிச்சை இல்லை, அரசியல் சட்டம் உண்டாக்கியவையும் இல்லை, மனிதனோடு கூடவே வருபவை என்று எழுதியவர் டி.ஒய்.சந்திரசூட். 1976இல் அரசின் பக்கம் நின்ற ஒய்.வி.சந்திரசூட்டின் மகன்.

சரி. அரசு கொடுத்ததில்லை என்றால் வேறு யார் கொடுத்தது? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட முடியாது. கடவுள் என்று சிலர் சொல்வார்கள். இயற்கை என்பார்கள், பகுத்தறிவு என்பார்கள். 1948இல் இதே கேள்வியோடு உலகம் முழுவதும் இருந்து வந்தவர்கள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஐ.நா. மனித உரிமைகள் ஆணையத்துக்கு எலினோர் ரூஸ்வெல்ட் தலைவர். சீனாவிலிருந்து பி.சி.சாங், லெபனானிலிருந்து சார்லஸ் மாலிக், பிரான்ஸிலிருந்து ரெனே காசேன், இந்தியாவிலிருந்து ஹன்சா மேத்தா. சாங் கன்பூசியஸ் மரபில் ஊறியவர். மாலிக் கிறிஸ்தவத் தத்துவத்தில் காலூன்றியவர். அடிப்படை எது என்பதில் இருவருக்கும் ஒத்தே போகவில்லை. முதல் பிரிவில் கடவுளைக் கொண்டுவர வேண்டும் என்று பிரேசில் கேட்டது. அதைச் சேர்க்காமல் விடுவதுதான் எல்லோருக்கும் இடம் கொடுக்கும் என்று சாங் வாதாடி, அது கைவிடப்பட்டது. ஆண்களை மட்டும் குறிப்பதாக எடுத்துக்கொள்ள இடம் தந்த தொடக்கத்தை எல்லா மனிதர்களும் என்று மாற்ற வைத்தவர் ஹன்சா மேத்தா. உலகத்தில் பாதிப்பேர் அந்த ஒரு திருத்தத்தால் உள்ளே வந்தார்கள். நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். இதற்கிடையில் யுனெஸ்கோ தனியாகப் பல நாட்டுச் சிந்தனையாளர்களிடம் கருத்துக் கேட்டது. பட்டியலில் எல்லோரும் உடன்படுகிறோம், ஏன் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது என்ற பொருளில் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் மாரித்தேன் அந்த நிலைமையைச் சொன்னார். 1948 டிசம்பர் 10 அன்று பாரீஸில் வாக்கெடுப்பு. 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு யாரும் இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகி நின்றன. அந்த எட்டில் நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்காவும் ஒன்று.

ஏன் என்று கேட்காமலே வாக்களித்தார்களே, அப்படியானால் இதற்கு அஸ்திவாரமே கிடையாது என்று சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிரகடனத்தின் முதல் பிரிவை மெதுவாகப் படித்துப் பாருங்கள். அதில் இரண்டே வாக்கியம். மனிதர்கள் எல்லோரும் சுதந்திரமாகவும், மதிப்பிலும் உரிமைகளிலும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்பது முதல் வாக்கியம். அவர்கள் அறிவும் மனசாட்சியும் பெற்றவர்கள், ஒருவரோடொருவர் சகோதர உணர்வோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது இரண்டாவது. அறிவும் மனசாட்சியும் இருப்பதால்தான் மனிதனுக்கு உரிமை என்றுதான் பலரும் இதைப் படிக்கிறார்கள். நானும் முன்பு அப்படிப் படித்தவன்தான். ஆனால் வாக்கியங்கள் வேறு வரிசையில் நிற்கின்றன. உரிமைக்குப் பிறப்பு மட்டும் போதுமானதாக இருக்கிறது, நிபந்தனை எதுவும் இல்லை. அறிவும் மனசாட்சியும் எங்கே வருகின்றன என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற இடத்தில். அதாவது கடமையின் பக்கத்தில். உனக்கு அறிவு இருக்கிறது, உனக்கு மனசு இருக்கிறது, ஆகவே நீ மற்றவனை இப்படி நடத்த வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. எழுதியவர்கள் ஒவ்வொருவரும் இதே எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த வாசிப்புதான் சரியாக இருக்க முடியும் என்று எனக்குப் பட்டதற்குக் காரணம் ஏர்வாடி.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. அங்கே உள்ள தர்காவுக்கு வந்தால் மனநோய் தீரும் என்ற நம்பிக்கை வெகுகாலமாக உண்டு. எல்லா மதத்தவர்களும் வருவார்கள். மருத்துவமனை தூரம், மாத்திரைக்குக் காசில்லை, ஊரில் ஏளனம், வீட்டில் சமாளிக்க முடியவில்லை என்ற நிலையில் கூட்டிவந்து விட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தர்காவைச் சுற்றி இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ள என்று தனியார் காப்பகங்கள் முளைத்தன. அவற்றில் ஒன்றில், ஓலைக் கொட்டகையில், அன்று விடியற்காலை தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். பெரும்பாலானவர்கள் இரும்புச் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள்.

கடமையைச் செய்கிறவருக்குத்தான் உரிமை என்கிற பேச்சை இந்த 28 பேர் முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள். அவர்களில் யார் வரி கட்டினார்கள்? யார் வாக்களித்தார்கள்? தேசிய கீதத்துக்கு யாரால் எழுந்து நின்றிருக்க முடியும்? தன் உரிமை என்னவென்று கேட்டால் சொல்லக்கூட முடியாத நிலையில் பலர் இருந்திருப்பார்கள். அந்தக் கணக்கின்படி அவர்களுக்கு உரிமை எதுவும் மிஞ்சாது. ஆனால் செய்தி கேட்ட ஒவ்வொருவருக்கும் வயிற்றைப் பிசைந்ததே, அது ஏன்? அவர்களுக்குச் சேர வேண்டியது ஏதோ மறுக்கப்பட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தானே? அறிவுதான் உரிமைக்கு அடிப்படை என்றாலும் இங்கே இடிக்கிறது. சுடும், வலிக்கும், பயமாக இருக்கும், காலை இழுத்துப் பார்த்தால் சங்கிலி விடாது என்பதைத் தவிர வேறு எந்தத் தகுதியும் அவர்களிடம் எதிர்பார்க்க முடியாது. அதுவே போதும் என்பதுதான் என் நிலைப்பாடு. மனிதனின் உரிமைக்கு அஸ்திவாரம் அவனுடைய திறமை இல்லை, நடத்தை இல்லை. காயப்படக்கூடிய உயிர் அவன் என்பதுதான்.

இது எனக்கு வெறும் படிப்பு சமாசாரமாக இருந்துவிடவில்லை. என் பெரியம்மா பக்கவாதம் வந்து, ஞாபகமும் முக்கால்வாசி போய், மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்ற நிலையில் கடைசிக் காலத்தில் ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். முப்பது வருடம் தொடக்கப்பள்ளி ஆசிரியை. என்னையும் அடையாளம் தெரியாது. ஒருநாள் போனபோது வலது மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு. போர்வையை விலக்கிப் பார்த்தால், கட்டில் கம்பியில் ஒரு பழைய காட்டன் புடவைக் கிழிசல் முடிச்சுப் போட்டபடி தொங்குகிறது. பார்வையாளர் நேரத்துக்கு அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளும் பெண்ணைக் கேட்டேன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும்.

"என்னண்ணே செய்யிறது, கையச் சும்மா விட்டா குழாயப் பிடுங்கிப் போட்டுருறாங்க. திரும்ப மாட்டுறதுக்கு நர்சக்கா காலையிலதான் வருவாங்க. ராத்திரி பதினெட்டுப் பேருக்கு நான் ஒருத்திதான்ணே."

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பொய் சொல்லவும் இல்லை. குழாயைப் பிடுங்கினால் பெரியம்மாவுக்கு உணவு இல்லை. பிடுங்காமல் பார்த்துக்கொள்ள பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். ஆள் வைக்கச் செலவாகும். நிர்வாகியிடம் பேசியபோது, இதெல்லாம் எல்லா இடத்திலும் செய்வதுதான் சார் என்றார். வேறு இல்லத்துக்கு மாற்றினோம். அங்கே விரல்கள் குழாயைப் பிடிக்க முடியாதபடி துணியில் பஞ்சு வைத்துத் தைத்த கையுறை ஒன்றைப் போட்டுவிட்டார்கள். கை தாராளமாக அசைந்தது. இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. பெரியம்மா அதைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியாது. அவருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதற்கு அவர் முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது காரணம் இல்லை. வாழ்நாளில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாதவராக இருந்திருந்தாலும் அந்த மணிக்கட்டு அதே மணிக்கட்டுதான்.

இப்போது கடமை என்ற பக்கத்துக்கு வருகிறேன். உரிமையைப் பற்றி இவ்வளவு பேசியதால் கடமையை நான் லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கடமைதான் இதில் கனமான பகுதி. ஆனால் யார் மீது கனம் விழ வேண்டும் என்பதில்தான் சண்டை.

நம் அரசியல் சட்டம் 1950இல் நடைமுறைக்கு வந்தபோது குடிமக்களின் அடிப்படைக் கடமைகள் என்று ஒரு பகுதி அதில் இல்லை. அது எப்போது வந்தது தெரியுமா? 1976இல், 42ஆவது திருத்தத்தின் வழியாக. ஸ்வரண் சிங் குழு பரிந்துரைத்தது; 51-ஏ பிரிவில் பத்துக் கடமைகள் சேர்க்கப்பட்டன. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். உயிருக்காகக்கூட நீதிமன்றம் போக முடியாது என்று தீர்ப்பாகி சில மாதங்கள். அந்த நேரத்தில்தான் குடிமக்களுக்குக் கடமைகள் நினைவூட்டப்பட்டன. கடமைகளைச் செய்யாதவர்களுக்குத் தண்டனை தர வழி செய்ய வேண்டும் என்றுகூட அந்தக் குழு சொன்னது. நல்லவேளை, அது ஏற்கப்படவில்லை. பத்துக் கடமைகளையும் படித்துப் பார்த்தால் ஒன்றும் மோசமில்லை. பெண்களின் கண்ணியத்தைக் குலைக்கும் வழக்கங்களைக் கைவிட வேண்டும், அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. எனக்கு அவற்றோடு எந்தப் பிணக்கும் இல்லை. ஆனால் அதிகாரத்தில் இருப்பவர்கள் தங்கள் கடமையை விட்டுவிட்டு அதிகாரமே இல்லாதவர்களிடம் கடமையைக் கேட்ட காலம் அது. அந்தப் பழக்கம் நெருக்கடிநிலையோடு போய்விடவில்லை.

காந்தியை இங்கே பலர் துணைக்கு அழைப்பார்கள். யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் ஜூலியன் ஹக்ஸ்லிக்கு 1947 மே மாதம் அவர் எழுதிய சின்னக் கடிதம் ஒன்று இருக்கிறது. படிப்பறிவில்லாத, ஆனால் விவேகமுள்ள தன் அம்மாவிடம் கற்றுக்கொண்டது என்று சொல்லி, கடமையைச் சரியாகச் செய்வதிலிருந்துதான் எல்லா உரிமைகளும் வருகின்றன, வாழும் உரிமைகூட அப்படித்தான் என்று எழுதினார். அவர்மீது எனக்குள்ள மரியாதை பெரிது. ஆனாலும் இந்த வரியை அப்படியே ஏற்க என்னால் முடியாது. தன்னைத்தானே கடுமையாகக் கேள்வி கேட்டுக்கொள்ளும் ஒரு பலசாலி தனக்குச் சொல்லிக்கொள்ளும் விதியாக அது மகத்தானது. தன்னால் எதுவும் செய்ய முடியாத ஒருவரிடம் வேறொருவர் போய்ச் சொல்லும் விதியாக மாறும்போது அதே வாக்கியம் ஏர்வாடிக் கொட்டகைக்குள் ஒரு சங்கிலியாகிவிடுகிறது. டெபாசிட் கட்டினால்தான் கேஸ் கனெக்‌ஷன் என்பதுபோல, கடமையைக் கட்டினால்தான் உயிர்வாழலாம் என்று ஆகிவிடும்.

அம்பேத்கர் இந்த இடத்தில் எனக்கு நெருக்கமாகப் படுகிறார். காரணம், சட்டம் இருந்தும் உரிமை இல்லாத நிலையை அவர் கண்ணால் பார்த்தவர். பொதுக் குளங்களை எல்லோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இலேயே தீர்மானம் போட்டது. மஹாத் நகராட்சி அடுத்த ஆண்டு தன் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. காகிதத்தில் எல்லாம் சரி. ஒரு தலித்தால் அங்கே ஒரு கை தண்ணீர் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரைக் குடித்தார். அதற்குப் பதில் அடி, உதை. பிறகு மேல்சாதிக்காரர்கள் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். நீதிமன்றத்தில் கடைசித் தீர்ப்பு சாதகமாக வர 1937 ஆகிவிட்டது. 1943இல் புனேயில் பேசும்போது, உரிமைகளைக் காப்பது சட்டம் இல்லை, சமூகத்தின் அறவுணர்வுதான் என்று அவர் சொன்னதற்குப் பின்னால் இந்த அனுபவமெல்லாம் இருக்கிறது. மஹாத்தில் ஒரு தலித்தின் உரிமை என்பது மற்ற எல்லோருடைய கடமையாகவும் இருந்தது: வழிமறிக்காமல் இருப்பது, அடிக்க வருகிறவனைத் தடுப்பது, நகராட்சி தன் தீர்மானத்தை நடத்திக்காட்டுவது. தண்ணீர் குடிக்க வந்தவர் முதலில் செய்து முடிக்க வேண்டிய கடமை எது? எதுவும் இல்லை. தாகம் மட்டும் போதும்.

உரிமையும் கடமையும் எப்படிப் பொருந்தி வர வேண்டும் என்பதற்கு நம் அரசியல் சட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணமும் இருக்கிறது. 2002இல் வந்த 86ஆவது திருத்தம். ஆறிலிருந்து பதினான்கு வயது வரை குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை என்று 21-ஏ பிரிவைச் சேர்த்தது. அதே திருத்தம் 51-ஏ பிரிவில் பதினோராவது கடமையையும் சேர்த்தது: அந்த வயதுப் பிள்ளைக்குப் படிக்க வாய்ப்பு ஏற்படுத்தித் தர வேண்டியது பெற்றோரின் கடமை. உரிமை குழந்தைக்கு, கடமை அரசுக்கும் பெற்றோருக்கும். குழந்தை முதலில் ஒழுங்காக நடந்து காட்டட்டும், அப்புறம் பள்ளிக்கூடம் தருகிறோம் என்று யாரும் எழுதவில்லை. எனக்கு இந்த அமைப்பு ரொம்பப் பிடிக்கும்.

இதை ஏர்வாடிக்குப் பொருத்திப் பார்த்தால் கடமைகள் வரிசையாகத் தெரிகின்றன. கட்டிப் போடாமல் இருப்பது காப்பகம் நடத்தியவரின் கடமை. அது மட்டும் போதாது. கட்டிப் போடுகிறார்களா என்று போய்ப் பார்ப்பது அரசின் கடமை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இப்படிப்பட்ட இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஏர்வாடியில் கொட்டகைகள் உரிமம் இல்லாமல்தான் நடந்தன, எல்லோர் கண்ணெதிரிலும். அதற்கும் பின்னால் இன்னொன்று இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு மனநல மருத்துவரும் மாத்திரையும் இருந்திருந்தால் அந்தக் குடும்பங்கள் பிள்ளையைப் பஸ் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருக்காது. உதவி கிடைக்கும்படி செய்வதும் கடமைதான். சங்கிலியை மாட்டியவரைத் தண்டிப்பதோடு நிறுத்திக்கொண்டால் மிச்சப்பேர் தப்பித்துக்கொள்கிறோம். என் பெரியம்மா விஷயத்தில் முடிச்சுப் போட்டது அந்தப் பெண்ணின் கை. பதினெட்டுப் பேருக்கு ஓர் ஆள் என்று முடிவு செய்தது வேறொருவர். இரவெல்லாம் உட்கார நேரமில்லாமல் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்த அவளுக்கும் உரிமைகள் இருக்கின்றன. அவை மிதிக்கப்பட்டதால்தான் பெரியம்மாவின் மணிக்கட்டில் அந்தக் கோடு. பலம் எவ்வளவு கூடுகிறதோ கடமையும் அவ்வளவு கூட வேண்டும். நடைமுறையில் தலைகீழாக, பலம் குறைந்தவரிடம் போய்த்தான் எல்லாக் கடமையும் சேர்கிறது.

எதை வேண்டுமானாலும் உரிமை என்று சொல்லிவிடுகிறார்களே என்ற புகாரிலும் கொஞ்சம் உண்மை உண்டு. யாருடைய கடமை என்று சொல்ல முடியாத உரிமை வெறும் கோஷமாக நின்றுவிடும். அதனால்தான் ஒவ்வொரு உரிமைக்கும் பக்கத்தில், இதை யார் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் யாரைக் கேட்பது என்று எழுதி வைக்கச் சொல்கிறேன்.

ஏர்வாடிக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. காப்பகங்கள் மூடப்பட்டன. பதினாறு வருடம் கழித்து வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று 95ஆவது பிரிவில் தடை செய்கிறது. அதே சட்டத்தில் 101ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. தன் எல்லைக்குள் மனநோய் உள்ள ஒருவர் கொடுமைக்கு ஆளாகிறார், கவனிப்பாரற்றுக் கிடக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். பொறுப்பில் இருப்பவர்களே அப்படி நடத்துகிறார்கள் என்று தெரியவந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டியது யாராக இருந்தாலும் அவருடைய கடமை. உறவுக்காரராக இருக்க வேண்டியதில்லை. பால் போடப் போகிறவர், எதிர்வீட்டுக்காரர், பார்க்க வந்த இன்னொரு நோயாளியின் மகள், யாரும் சொல்லலாம். எழுத்தில் கொடுங்கள். இடம், தேதி, பார்த்தது என்ன என்று மட்டும் எழுதினால் போதும். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதை வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள்.